செஸ்டாமிபி ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை, சின்னதாக வெட்டி பாராதைராய்டு எடுக்க முடியுமா?

கேள்வி:
அம்மாவுக்கு 61 வயது. சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறது, எலும்பு அடர்த்தியும் ரொம்பக் குறைந்துவிட்டது. ரத்தத்தில் கால்சியம் 11.3, பி.டி.எச். (பாராதைராய்டு சுரக்கும், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் ஹார்மோன்) 138, வைட்டமின் டி சரியாகவே இருக்கிறது. பாராதைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது, கழுத்தில் சின்னதாக வெட்டி அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் செஸ்டாமிபி ஸ்கேனில் (லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு வீங்கிய சுரப்பியைத் தேடும் ஸ்கேன்) ஒன்றுமே தெரியவில்லை. அப்படியானால் நோயே இல்லையா? இல்லை, கழுத்தைப் பெரிதாகத் திறக்க வேண்டியிருக்குமா? அம்மா பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்கிறார்.

பதில் 1:
நான் தைராய்டு, பாராதைராய்டு ஆபரேஷன்கள் நடக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று, நோய் இருக்கிறதா இல்லையா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கால்சியம் கூடினால் பி.டி.எச். இறங்க வேண்டும், அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கிறது. எந்தச் சுரப்பி, எந்தப் பக்கம் என்று காட்டத்தான் ஸ்கேன்.

எல்லோருக்கும் பொதுவாக நான்கு பாராதைராய்டுகள், தைராய்டுக்குப் பின்னால் ஒவ்வொன்றும் ஒரு அரிசி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நோய் வந்தவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல் அதில் ஒன்றுதான் வீங்கியிருக்கும். அது இருக்கும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் 2, 3 சென்டிமீட்டர் வெட்டு போதும், பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம். பி.டி.எச். ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடும் ஹார்மோன், அதனால் சுரப்பியை எடுத்த 10வது நிமிடம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் கெட்ட சுரப்பி போய்விட்டது, இறங்கவில்லையென்றால் இன்னொன்று இருக்கிறது என்று அங்கேயே தொடர்ந்து தேடுவார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுரப்பி சின்னதாக இருந்தாலோ, ஒன்றுக்கு மேல் வீங்கியிருந்தாலோ செஸ்டாமிபியில் தெரியாமல் போகலாம். நன்றாகப் பழகியவர் கையில் ஒரு அல்ட்ராசவுண்ட், அப்புறம் 4டி சி.டி. அல்லது கோலின் பெட் ஸ்கேன் கேளுங்கள். அதிலும் தெரியாவிட்டால் நான்கு சுரப்பிகளையும் நேரில் பார்க்கும் பழைய முறை இருக்கிறது. வெட்டு கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான், அனுபவமுள்ளவர் செய்தால் அதுவும் பெரும்பாலோரைக் குணமாக்கும். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற சர்ஜனைத் தேடுங்கள், வெட்டின் நீளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பதில் 2:
24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பார்த்தார்களா? குடும்பத்தில் பலருக்குப் பிறவியிலேயே கால்சியம் கூடுதலாக இருக்கும் ஒரு நிலை உண்டு, அதில் சிறுநீரில் கால்சியம் ரொம்பக் குறைவாகப் போகும், ஆபரேஷன் செய்தாலும் பயன் இல்லை. கல் வருகிறது என்பதால் அம்மாவுக்கு அது இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் பார்க்காமல் போகக்கூடாது. கால்சியத்தை ஏற்றக்கூடிய லித்தியம் (மனநல மருந்து), தயாசைடு (ரத்த அழுத்த மருந்து) மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பதில் 3:
எனக்கு இந்த ஆபரேஷன் ஆகிவிட்டது, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். விழுங்கும்போது சில நாள் வலித்தது, குரல் கொஞ்சம் கரகரத்துச் சரியாகிவிட்டது. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் அது அடிபடும் ஆபத்து சிறிதளவு உண்டு, அதை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வந்தால் கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம், உடனே சொல்ல வேண்டும். எலும்பு பலவீனமானவர்களுக்கு அது அதிகமாகவே இறங்கலாம், ஏனென்றால் பசியோடு இருந்த எலும்பு கால்சியத்தை இழுத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யவே இல்லை, நாளைக்கே கேட்கிறேன். மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா என்று அம்மா கேட்கிறார். அதுவரை பால், தயிரை நிறுத்திவிடலாமா?

பதில் 1:
நிறுத்த வேண்டாம். சாப்பாட்டில் கால்சியத்தை ரொம்பக் குறைத்தால் பி.டி.எச். இன்னும் ஏறும். தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். சினகால்செட் என்ற மாத்திரை ரத்தத்தில் கால்சியத்தைக் குறைக்கும், ஆனால் எலும்பு அடர்த்தி அதனால் ஏறாது. கல்லும் எலும்புப் பிரச்சினையும் சேர்ந்து இருக்கிற அம்மாவுக்கு ஆபரேஷன்தான் சரியான வழி என்று நான் நினைக்கிறேன். முடிந்த பிறகு 6வது மாதம் கால்சியம் பார்க்க மறக்காதீர்கள், அப்போதும் சரியாக இருந்தால்தான் குணமாகிவிட்டது என்று சொல்வார்கள்.