பெரிய வெள்ளிக்கு மெல் கிப்சன் படம் போடலாமா?

தொரப்பாடி வாலிபன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேலூரில் ஒரு சி.எஸ்.ஐ. சபையின் வாலிபர் ஐக்கியத்தில் இருக்கிறேன். லெந்து கடைசி வாரம் கோயில் காம்பவுண்டில் திரை கட்டி, இயேசுவின் பாடுகளைக் காட்டும் ‘தி பேஷன் ஆஃப் த கிறைஸ்ட்’ படத்தைப் போடுவதாக முடிவாகி, புரொஜக்டருக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. இப்போது காலேஜில் படிக்கும் ஒரு தங்கச்சி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விஷயத்தைப் போட, ராத்திரி முழுக்க சண்டை. படத்தை எடுத்த மெல் கிப்சன் 2006 ஜூலையில் அமெரிக்காவில் மாலிபு பக்கம் குடித்துவிட்டு கார் ஓட்டிப் பிடிபட்டபோது, உலகத்தில் நடக்கிற போருக்கெல்லாம் யூதர்கள்தான் காரணம் என்று கத்தியிருக்கிறார். பிடித்த அதிகாரியே யூதர். இந்த மனுஷன் எடுத்த படத்தைப் பார்த்தா ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்கணும் என்று பாதிப் பேர். போதையில் உளறியதற்கு மன்னிப்பும் கேட்டாச்சு, அதுவுமில்லாமல் வேலூரில் யூதர் யார் இருக்கிறார்கள், யார் மனசு புண்படப்போகிறது என்று மீதிப் பேர். இந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்கு உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் பேச வேண்டும். என்ன சொல்லட்டும்?

குடியாத்தத்துக்காரன்:
தம்பி, படத்தைப் போடுங்கள். படம் வந்தது 2004இல், அவர் உளறியது 2006இல். அப்போதே இரண்டு தடவை மன்னிப்பு கேட்டார், யூதத் தலைவர்களைச் சந்தித்துப் பேசுகிறேன் என்றார், கோர்ட் மூன்று வருஷம் கண்காணிப்பில் வைத்தது, யூத இனப்படுகொலை பற்றி அவர் கம்பெனியோடு எடுக்க இருந்த தொடரை ஏபிசி டிவி கைவிட்டது. அப்புறம் 2017இல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் பட்டியலிலும் பெயர் வந்தது. அந்த ஊர்க்காரர்களே விட்டுவிட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டு இருக்கணும்? அந்தச் சாட்டையடிக் காட்சியைப் பார்த்து எங்கள் அம்மா அழுத அழுகை பொய்யா?

காட்பாடி கத்தோலிக்கன்:
அம்மாவின் அழுகையை யாரும் பொய் என்று சொல்லவில்லை அண்ணே. நான் அந்தப் படத்தில் கவனிப்பது வேறு. மத்தேயு 27:25இல் ஜனங்கள் ‘இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக’ என்று சொல்கிற வசனம் இருக்கிறதே, எதிர்ப்பு வந்ததும் அதற்கான சப்டைட்டிலை மட்டும் எடுத்துவிட்டார்கள், படத்தில் பேசுகிற அரமேய மொழியில் வசனம் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லித்தான் ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் யூதர்களை அடித்தார்கள். எங்கள் திருச்சபையே இதில் மாறியது ரொம்பத் தாமதமாகத்தான். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களை இழிவாகச் சொன்ன வார்த்தையைத் திருத்தந்தை (போப்) 23ஆம் யோவான் 1959இல் எடுத்தார். 1965 அக்டோபர் 28 அன்று, உலகத்துக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏதாத்தே’ ஏட்டில், இயேசுவின் பாடுகளுக்காக அன்று இருந்த யூதர் எல்லார்மேலும், இன்று இருக்கிற யூதர்மேலும் பழி போடக்கூடாது என்று எழுதினார்கள். ஆதரவு 2221 ஓட்டு, எதிர்ப்பு 88. 1986இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ரோமில் யூதர்களின் ஜெபாலயத்துக்கே போய் அவர்களை மூத்த சகோதரர்கள் என்றார். இவ்வளவு நடந்த பிறகு எடுத்த படம் இது என்பதுதான் என் வருத்தம்.

ஆம்பூர் வாத்தியார்:
குடியாத்தம் தம்பிக்கு ஒரு வார்த்தை. கிப்சனை மன்னிப்பது அவரால் புண்பட்டவர்கள் பாடு, அதை வேலூரில் உட்கார்ந்து நாம் தீர்மானிக்க முடியாது. பிரபலம் ஒருவர் வாய் விட்டால் அது அவரோடு நிற்பதில்லை என்பதைத்தான் பார்க்கணும். 2022 அக்டோபரில் அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் யூதர்களைத் திட்டி எழுதினார். அதே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நெடுஞ்சாலைப் பாலத்தின் மேல் ஒரு கூட்டம் கையை நீட்டி ஹிட்லர் வணக்கம் வைத்துக்கொண்டு, யூதர் விஷயத்தில் கான்யே சொன்னது சரி என்று பேனர் கட்டியது. அடிடாஸ் கம்பெனி அவரோடு உறவை முறித்தது அதற்கு அப்புறம்தான். கம்பெனிக்காரன் லாபநஷ்டம் பார்த்து முடிவெடுப்பான், சபை எதைப் பார்த்து எடுக்கிறது?

நான் லூத்தரன். ஆம்பூர், கிருஷ்ணகிரி பக்கம் எங்கள் சபைகள் அமெரிக்காவின் மிசௌரி லூத்தரன் மிஷனால் வந்தவை, 1895இலிருந்து. எங்கள் சபைக்குப் பேர் வரக் காரணமான மார்ட்டின் லூத்தரே 1543இல் யூதர்களுக்கு எதிராக ஒரு புத்தகம் எழுதினார். ஜெபாலயங்களைக் கொளுத்துங்கள், வீடுகளை இடியுங்கள், ஜெபப் புத்தகங்களைப் பிடுங்குங்கள் என்று பச்சையாக இருக்கும். அந்தக் காலத்தில் லூத்தரை விடப் பிரபலம் யார்? நானூறு வருஷம் கழித்து நாஜிகள்மேல் நடந்த நியூரம்பர்க் விசாரணையில் நாஜி பத்திரிகைக்காரன் ஸ்ட்ரைக்கர், என்னை நிறுத்தின இடத்தில் லூத்தரையும் நிறுத்த வேண்டியிருக்கும் என்கிற மாதிரிப் பேசினான். மிசௌரி சபை 1983இலும், அமெரிக்காவின் இன்னொரு பெரிய லூத்தரன் சபை 1994இலும் அந்த எழுத்தைத் தள்ளிவைத்தன. லூத்தரின் பாட்டை இன்றும் பாடுகிறோம், அந்தப் புத்தகத்தை எங்களுடையதல்ல என்கிறோம். இரண்டையும் சேர்த்தே செய்ய முடியும். ஆனால் அதை வாய் திறந்து சபையில் சொல்லணும்.

யார் மனசு புண்படப்போகிறது என்று கேட்டார்களாமே, அதுதான் எனக்கும் தாங்கவில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் பேசுகிற பேச்சைத்தான் பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்து நாடகங்களைப் பாருங்கள். பிரதான ஆசாரியனுக்குக் கறுப்பு அங்கி, பஞ்சில் ஒட்டின தாடி, கண்ணுக்கு மை. சீஷர்களுக்கு வெள்ளை வேட்டி. முன்வரிசைப் பொடிசுகள் கறுப்பு அங்கியைப் பார்த்ததும் ஊளையிடும். பேதுருவும் யூதர், மரியாளும் யூதர், சிலுவையில் தொங்கினவரும் யூதர் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? வாராவாரம் நாம் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் பாடுகளோடு சேர்ந்து வருகிற ஒரே பெயர் பொந்தியு பிலாத்து, ரோமாபுரி அதிகாரி.

மேல்விஷாரம்:
சலாம். நான் முஸ்லிம், நடுவில் பேசுவதற்கு மன்னிக்கணும். காசாவில் நடந்ததைப் பார்த்து எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, இஸ்ரேல் அரசாங்கத்தை இன்றைக்கும் திட்டுகிறேன், திட்டுவேன். ஆனால் உலகத்துப் போருக்கெல்லாம் யூதர்தான் காரணம் என்று எங்கள் தெருவில் ஒருத்தர் டீக்கடையில் ஆரம்பித்தபோது நானே நிறுத்தினேன். எங்கேயோ எவனோ குண்டு வைத்தால் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற எங்கள் பையனிடம் பதில் கேட்கிற ஊர் இது. அதே வேலையை நாங்கள் இன்னொருத்தருக்குச் செய்யக் கூடாது.

குடியாத்தத்துக்காரன்:
வாத்தியார் ஐயா, பிலாத்து விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேதத்தில் இருக்கிற வசனத்தை வெட்டச் சொன்னால் அதற்கு நான் வர மாட்டேன்.

ஆம்பூர் வாத்தியார்:
வேதத்தில் யாரும் கை வைக்கவில்லை தம்பி. வாசிக்கும்போது முழுதும் வாசித்து விளக்கம் சொல்லுங்கள். நாடகத்தில் எல்லா வசனத்தையும் யாரும் போடுவதில்லையே, எதைப் போடுவது என்று நாம்தானே எடுக்கிறோம். ஜெர்மனியில் ஓபராமர்காவ் என்கிற கிராமத்தில் 1634இலிருந்து பாடுகளின் நாடகம் போடுகிறார்கள். 1934இல் ஹிட்லரே வந்து பார்த்துப் புகழ்ந்த நாடகம். அவர்களே யூத அறிஞர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எழுதினதைத் திருத்தி, இரத்தப்பழி வசனத்தை 2000இல் எடுத்துவிட்டார்கள். இயேசுவை யூத போதகராகவே காட்டுகிறார்கள், மேடையில் எபிரெய ஜெபம் சொல்கிறார். அதற்கப்புறமும் லட்சக்கணக்கில் ஜனங்கள் பார்க்க வந்தார்கள்.

தொரப்பாடி வாலிபன்:
எல்லாருக்கும் நன்றி. ஆயரிடம் பேசினேன். படத்தைப் பற்றிக் கமிட்டிதான் முடிவெடுக்கணும், ஆனால் அதற்கு முன்னால் புதன்கிழமை வேதபாடத்தில் ரோமர் 11ஆம் அதிகாரத்தை எடுக்கிறேன், இஸ்ரவேல் என்கிற ஒலிவ மரத்து வேர்தான் நம்மைத் தாங்குகிறது என்று பவுல் எழுதினதை முதலில் எல்லாரும் வாசிக்கட்டும் என்றார். படம் போட்டாலும் போடாவிட்டாலும் எங்கள் நாடகம் உண்டு. கறுப்பு அங்கியை எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு தைக்கலாம் என்று அந்தத் தங்கச்சியே அளவெடுக்க ஆரம்பித்துவிட்டாள். வாத்தியார் ஐயா, அந்த ஜெர்மன் நாடகத்தைப் பற்றித் தமிழில் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள், கமிட்டியில் காட்டணும்.