வைஃபை டப்பா மாத்துனதுல இருந்து பிரிண்டர் கனெக்ட் ஆகல, யாராச்சும் சொல்லுங்க

மண்டபம் ஜெராக்ஸ்:
எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்துல வீட்டு முன்ரூம்லயே ஜெராக்ஸ் எடுக்குறது, ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்குறதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். போன வாரம் பழைய நெட்டை எடுத்துட்டு ஃபைபருக்கு மாறுனோம். பழைய மோடத்தைக் கழட்டிட்டு வெள்ளையா ஆன்டெனா வச்ச புது ரூட்டர் மாட்டிட்டுப் போனாங்க. மாட்ட வந்த தம்பிகிட்ட வைஃபை பேரு, பாஸ்வேர்டு ரெண்டும் பழசே இருக்கட்டும்னு சொல்லி வச்சேன், அதனால போன், லேப்டாப், டிவி எல்லாம் தானா புடிச்சிக்கிச்சு, பிரிண்டர் மட்டும் புடிக்கவே மாட்டேங்குது, வைஃபை லைட் மின்னிக்கிட்டே கெடக்கு.

எப்சன் எல்3150, டிஸ்ப்ளே இல்லாத மாடல். யூஎஸ்பி ஒயர் போட்டா நல்லா ஓடுது, அதனால பிரிண்டர்ல கோளாறு இல்ல. ஆனா எனக்கு வர்றது எல்லாம் வாட்ஸப்ல அனுப்புற பிடிஎஃப், போன்ல இருந்தே பிரிண்ட் குடுத்துப் பழகிட்டேன். இப்ப ஒவ்வொண்ணையும் லேப்டாப்புக்கு மாத்தி ஒயர் மாட்டி எடுக்க வேண்டியிருக்கு. மீன்பிடி தடைக்காலம் வேற, நிவாரணத்துக்கு ஆதாரு, பாஸ்புக்கு ஜெராக்ஸ்னு திண்ணையில ஆள் உக்காந்திருக்காங்க, கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்க குழு பேப்பர் எடுக்க வந்து நிக்கிறாங்க. அவங்கள காக்க வைக்கிறது மனசுக்கு கஷ்டமா இருக்கு. கேட்ட எடத்துல இது பழைய பிரிண்டர், புது ரூட்டருக்கு செட் ஆகாது, புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க. நெசமாவா?

உச்சிப்புளி நெட்:
அக்கா புது பிரிண்டர்லாம் வேணாம், அவசரப்படாதீங்க. வைஃபையில 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை இருக்கு, உங்க மாடல் 2.4 மட்டும்தான் எடுக்கும், 5 எடுக்காது. இப்ப வர்ற ரூட்டர்ல ரெண்டும் இருக்கும், ரெண்டுக்கும் ஒரே பேர வச்சு விட்டுருவாங்க, போன் எது நல்லாருக்கோ அதப் புடிச்சிக்கும், பிரிண்டர் சிலது அதுல கொழம்பும். ரூட்டர் செட்டிங்ல போயி ரெண்டையும் பிரிங்க. 2.4க்கு உங்க பழைய பேரே இருக்கட்டும், 5க்கு வேற பேர் வைங்க. போன் 5ல இருந்தாலும் பிரிண்டர் 2.4ல இருந்தாலும் ஒரே ரூட்டர்ங்கிறதால பிரிண்ட் போகும், அதப்பத்தி யோசிக்க வேணாம்.

பாம்பன் கரை:
எனக்கும் இதே மாதிரி ஒரு தடவ ஆச்சு. பாஸ்வேர்ட எடுத்துட்டு ஓப்பனா விட்டேன், ஒடனே புடிச்சிக்கிச்சு. அவசரத்துக்கு அப்படி செய்யுங்களேன்.

கீழக்கரை காக்கா:
தம்பி சொன்ன அந்த ஓப்பனா விடுறத மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்கம்மா. நீங்க கடை வச்சிருக்கீங்க, லேப்டாப்புல ஊரு சனத்தோட ஆதாரும் பாஸ்புக்கும் கெடக்கும். ரோட்டுல போற எவனும் உள்ள வந்துரலாம். நம்பி காயிதத்தக் குடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க, அது பெரிய பொறுப்பு.

ரூட்டரக் கழட்டி மாட்டுறது, பிரிண்டர ரீசெட் அடிக்கிறது எல்லாம் அப்புறம். உங்க மாடல்ல டிஸ்ப்ளே இல்லன்னாலும் என்ன கோளாறுன்னு அதுவே பேப்பர்ல அடிச்சுக் குடுக்கும், அதப் பாக்காமதான் பாதிப்பேரு பிரிண்டர மாத்துறாங்க. வைஃபை பட்டனுக்குப் பக்கத்துல நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பட்டன் இருக்கும், பேப்பர் வச்சு அத அழுத்துங்க. ஒரு ரிப்போர்ட் வரும், அதுல ஈ போட்டு ஒரு நம்பர் இருக்கும். ஈ-2, ஈ-3, ஈ-7 வந்தா வைஃபை பேரு இல்ல பாஸ்வேர்டுல சிக்கல். ஈ-5 வந்தா செக்யூரிட்டி வகை ஒத்துப்போகல. ஈ-8, ஈ-10, ஈ-11 பக்கம் வந்தா ஐபி அட்ரஸ், அதாவது நெட்வொர்க்குல பிரிண்டருக்கு உள்ள நம்பர், அந்த விவகாரம். என்ன வந்திருக்குன்னு பாத்துட்டு சொல்லுங்க, அதுக்குத் தக்கன போவோம்.

மண்டபம் ஜெராக்ஸ்:
காக்கா ரிப்போர்ட் எடுத்துட்டேன், ஈ-5னு வந்திருக்கு. உச்சிப்புளி தம்பி சொன்ன மாதிரி 2.4, 5 ரெண்டையும் பிரிச்சும் வச்சிட்டேன், அப்பவும் ஈ-5 தான்.

கீழக்கரை காக்கா:
அப்ப வெளங்கிருச்சு. வைஃபைக்கு பூட்டு மாதிரி வகை இருக்கு. டபிள்யூபிஏ2ங்கிறது 2004ல வந்தது, டபிள்யூபிஏ3 2018ல வந்தது. புது ரூட்டர்ல மூணாவது வகைய மட்டும் போட்டு வச்சிருப்பாங்க, உங்க போனும் லேப்டாப்பும் புதுசு அதுனால தெறந்துக்கிச்சு, பிரிண்டர்கிட்ட இருக்கிறது ரெண்டாவது வகை சாவிதான். பேரும் பாஸ்வேர்டும் அதேதான்னாலும் புடிக்காததுக்கு காரணம் இதுதான்.

ரூட்டருக்கு அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், உள்ள போற அட்ரஸும் யூசர் பாஸ்வேர்டும் அதுல இருக்கும், அத பிரவுசர்ல அடிங்க. வயர்லெஸ் இல்லன்னா டபிள்யூலேன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல 2.4க்கு உள்ள செக்யூரிட்டியில டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்னு இருக்கிறத போட்டு சேவ் பண்ணுங்க. ரெண்டும் கலந்த மோடும் இருக்கும், ஆனா பழைய பிரிண்டர் சிலது கலந்ததுலயும் முரண்டு புடிக்கும், அதுனால 2.4க்கு 2 மட்டும் போட்டுருங்க. 5ல இருக்கிறது டபிள்யூபிஏ3லயே இருக்கட்டும், உங்க லேப்டாப்பு அதுலயே ஓடட்டும். டிகேஐபி, டபிள்யூஇபின்னு பழைய பூட்டு வகை ஏதாச்சும் காட்டுனா அதத் தொடாதீங்க, அதெல்லாம் ஓட்டை ஒடைசலு. சேவ் பண்ணிட்டு பிரிண்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, பேரும் பாஸ்வேர்டும் பழசுதானே, அதுவா போய் புடிச்சிக்கணும்.

மண்டபம் ஜெராக்ஸ்:
காக்கா புடிச்சிருச்சு!! லைட் மின்னாம நின்னு எரியுது, போன்ல இருந்து பிரிண்ட் குடுத்தேன் வந்துருச்சு. ரொம்ப ரொம்ப நன்றி. ஆனா லேப்டாப்புல மட்டும் பிரிண்டர் ஆஃப்லைன்னு சாம்பல் கலர்ல காட்டுது, ஒயர எடுத்துட்டேன். லேப்டாப்பு விண்டோஸ் 10.

உச்சிப்புளி நெட்:
அது வேற கதை அக்கா, சின்ன விஷயந்தான். பழைய மோடம் பிரிண்டருக்கு ஒரு ஐபி நம்பர் குடுத்திருக்கும், 192.168.1ல ஆரம்பிக்கிற மாதிரி. புது ரூட்டர் வேற வரிசையில குடுத்திருக்கும், 192.168.0ன்னோ வேற எதுவோ. லேப்டாப்பு இன்னும் பழைய நம்பருக்கே பிரிண்ட அனுப்பிட்டு அங்க யாரும் இல்லன்னு ஆஃப்லைன் காட்டுது. இப்ப கனெக்ட் ஆனதுக்கப்புறம் அதே ரிப்போர்ட்ட திருப்பி எடுங்க, ஐபி அட்ரஸ் அதுல இருக்கும். லேப்டாப்புல பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், ஆட் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட், அங்க புது நம்பர அடிச்சு அப்ளை குடுங்க. இதுக்கு கஷ்டமா இருந்தா பிரிண்டர லிஸ்ட்ல இருந்து ரிமூவ் பண்ணிட்டு திருப்பி ஆட் பண்ணுனாலும் சரியாயிரும். பிரிண்ட் க்யூவ தெறந்து மேல பிரிண்டர் மெனுவுல யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்னு டிக் இருந்தா அதையும் எடுத்துருங்க.

தொண்டிக்காரன்:
இதோட ஒண்ணு சேத்துக்கங்க. கச்சான் காத்து ஆரம்பிச்சா நம்ம பக்கம் கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவ ரூட்டர் அணைஞ்சு எரியும்போதும் பிரிண்டருக்கு வேற நம்பர் குடுத்துரலாம், லேப்டாப்பு மறுபடி ஆஃப்லைன்னு காட்டும். ரூட்டர்லயே டிஎச்சிபி ரிசர்வேஷன்னு இருக்கும், அதுல பிரிண்டரோட மேக் அட்ரஸ், அதாவது அதோட அடையாள நம்பர் போட்டு ஒரு நம்பர நிரந்தரமா ஒதுக்கி வைங்க. மேக் அட்ரஸும் அந்த ரிப்போர்ட்லயே இருக்கு. பிரிண்டர்ல நம்பர கையால அடிச்சு வைக்கிறத விட இதுதான் நல்லது, ஏன்னா நாளைக்கு திருப்பி ரூட்டர் மாத்துனா அந்த நம்பர் புது வரிசைக்குள்ள வராது, அப்ப ஈ-10 ஈ-11ன்னு வந்து நிக்கும்.

அப்புறம் வர்ற ஆளுங்களுக்கு வைஃபை குடுக்கணும்னா கெஸ்ட் நெட்வொர்க்னு தனி வைஃபை போட்டு குடுங்க. ஆனா கெஸ்ட்ல இருக்கிற போன்ல இருந்து உங்க பிரிண்டர் தெரியாது, அது தப்பில்ல, அப்படித்தான் இருக்கணும்.

மண்டபம் ஜெராக்ஸ்:
போர்ட் மாத்துனதும் லேப்டாப்புல இருந்தும் வருது. ரிசர்வேஷனும் போட்டுட்டேன். திண்ணையில இருந்தவங்களுக்கு எல்லாம் எடுத்துக் குடுத்து அனுப்பியாச்சு. ஒயர இனி தொட வேண்டாம், உப்புக்காத்துல அந்த யூஎஸ்பி முனையெல்லாம் பச்சை பூத்துப் போயி கெடந்துச்சு, ஆட்டி ஆட்டித்தான் புடிக்க வேண்டியிருந்துச்சு. புதுசு வாங்கியிருந்தா பல்லாயிரம் போயிருக்கும். எல்லாருக்கும் நன்றி, காக்காவுக்கு ரொம்ப நன்றி.

பாம்பன் கரை:
காக்கா சொன்னதப் பாத்து நானும் பாஸ்வேர்டு போட்டுட்டேன், இப்ப எனக்கு ஈ-2 வருது. வைஃபை பேர்ல நடுவுல எடம் விட்டு எழுதியிருக்கேன், அதனாலயா?

கீழக்கரை காக்கா:
எடம் விட்டதால வந்த பிரச்சினை இல்ல தம்பி. ஓப்பனா இருந்தப்ப உள்ள செட்டிங்தான் பிரிண்டருக்குள்ள கெடக்கும், இப்ப உள்ள பேரும் பாஸ்வேர்டும் அதுக்கு சொல்லணும். போன்ல எப்சன் ஸ்மார்ட் பேனல் ஆப் போட்டு அதுல இருந்து செட்டப் பண்ணுங்க, போன 2.4 பேர்ல வச்சுக்கிட்டு. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாம அடிங்க. அப்பவும் ஈ-2 வந்தா ரூட்டர்ல 2.4 ஆன்ல இருக்கா, பேர மறைச்சு வச்சிருக்கான்னு பாத்துட்டு இங்கயே போடுங்க.