பொருள்: கோதிக் ராக், மாற்று ராக்: 'இருளிசை' வேண்டாம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இருண்ட, அச்சமூட்டும் தொனிக்குப் பேர்பெற்ற கோதிக் ராக்குக்கு 'இருளிசை', பெருவழக்கான ராக்கிலிருந்து விலகி நிற்கும் ஆல்டர்னேட்டிவ் ராக்குக்கு 'மாற்றிசை' என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்த சொற்களைப் படித்தேன். இரண்டும் ஓசை நயம் உள்ளவை. ஆனாலும் இசைத்துறைச் சொற்பட்டியலில் இவற்றைச் சேர்க்கக் கூடாது என்பதே என் கருத்து. ஓர் இசை வகைக்குப் பெயர் வைத்தால், அந்த வகைக்கே முன்னோடி என்று சொல்லப்படுபவரின் பாடல்களுக்காவது அது பொருந்த வேண்டும். இங்கிலாந்துப் பாடகி சூசி சூவை வைத்து உரைத்துப் பார்க்கலாம். கோதிக், மாற்று என்ற இரண்டு பெயர்களுமே அவர் மீது ஒட்டப்பட்டவை.

1976 செப்டம்பரில் லண்டன் '100 கிளப்' என்ற அரங்கில் நடந்த பங்க் (முரட்டு வேகம் கொண்ட ராக் வகை) விழாவில் அவருடைய 'சூசி அண்ட் த பான்ஷீஸ்' குழு முதன்முதலாக மேடை ஏறியது. கையில் சொந்தப் பாடல் ஒன்றுகூட இல்லை. 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று நாம் அறிந்த அந்த ஜெபத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 20 நிமிடங்கள் இரைச்சலாக வாசித்துவிட்டு இறங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் வெளிவந்த 'ஹாங்காங் கார்டன்' பிரிட்டன் தரவரிசையில் 7ஆம் இடம் பிடித்தது. அதைத் தொடங்கிவைப்பது சைலஃபோனின் துள்ளலான மெட்டு. அதில் இருள் எங்கே இருக்கிறது?

கோதிக் என்று எல்லோரும் சுட்டுவது 1981இல் வந்த 'ஜூஜூ' தொகுப்பைத்தான். அதைக் கூர்ந்து கேட்டால் அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். டிரம்ஸ் வாசித்த பட்ஜி, தாளத்தை டாம்-டாம் முரசுகளின் மேல் உருட்டிக்கொண்டே போகிறார். ஜான் மெக்கியோக்கின் கிட்டார், ராக் இசைக்கு வழக்கமான கனத்த சுருதிக்கட்டுகளை (கார்டுகளை) விட்டுவிட்டு, தனித்தனி ஸ்வரங்களைச் சிலந்தி வலைபோலப் பின்னுகிறது. அதன் மேல் ஃப்ளாஞ்சர்: ஒரே ஒலியைச் சில மில்லி நொடிகள் தாமதித்து மூல ஒலியோடு கலந்து, அந்தத் தாமதத்தையும் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும் கருவி. நாம் 'இருள்' என்று உணர்வது இவை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. கலைச்சொல் அகராதி விளக்க வேண்டியது இந்தச் செய்முறையைத்தான். கேட்பவரின் மனநிலையை அன்று.

பிறகு அவர் சென்ற தொலைவைப் பாருங்கள். 1983இல் பீட்டில்ஸ் பாடல் ஒன்றைத் தம் பாணியில் பாடி பிரிட்டன் தரவரிசையில் 3ஆம் இடத்துக்குக் கொண்டுபோனார். அப்போது கிட்டார் வாசித்தவர் 'த கியூர்' குழுவின் ராபர்ட் ஸ்மித். அதே ஆண்டு 'த கிரியேச்சர்ஸ்' என்ற பெயரில் பட்ஜியோடு ஹவாய்த் தீவுக்குப் போய், முரசும் குரலுமே பெரும்பகுதியான ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார். 1991இல் வந்த 'கிஸ் தெம் ஃபார் மீ' பாடலில் தபலா வாசித்தவர் தல்வின் சிங். கார் விபத்தில் இறந்துபோன நடிகை ஜேன் மான்ஸ்ஃபீல்டைப் பற்றிய பாட்டு அது. இசையோ காலை ஆடவைக்கும். அமெரிக்காவில் 23ஆம் இடம் வரை ஏறியது. சாவு பாட்டின் பொருளில் இருக்கிறது, ஒலியில் இல்லை. இதை 'இருளிசை' என்பதா, வேறொன்று என்பதா? சூசி சூ தமக்குச் சூட்டப்பட்ட கோதிக் பட்டத்தையே விரும்பியதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு தடை நம் ஊரிலேயே இருக்கிறது. இருளர் மக்களுக்குத் தனி இசை மரபு உண்டு. 'இருளிசை' என்ற சொல்லைப் பார்த்ததும் அவர்களுடைய இசை என்று ஒரு மாணவர் எண்ணினால் அதில் தவறில்லை. அந்தப் பெயர் அவர்களுக்கே உரியது.

ஆகவே 'கோதிக் ராக்' என்றே வைத்துக்கொள்வோம். கோத்துகள் என்ற இனத்தாரிடமிருந்து கட்டடக்கலைக்கும், அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டுத் திகில் நாவலுக்கும், 1967இல் 'த டோர்ஸ்' குழுவைப் பற்றிய ஒரு கட்டுரை வழியாக ராக் இசைக்கும் வந்து சேர்ந்த சொல் அது. சாந்தோம் தேவாலயத்தை நவ-கோதிக் என்று தமிழில் எழுதுகிறோம். இசைக்கு மட்டும் வேறு சொல் வைத்தால் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

'மாற்றிசை' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'மாற்றி இசை' என்ற ஏவலாகவும் படிக்கலாம். 'மாற்று ராக்' போதும். மாற்று மருத்துவம், மாற்று அரசியல் என்ற வழக்கோடு இயல்பாகச் சேர்கிறது. 1988 செப்டம்பரில் பில்போர்டு இதழ் இவ்வகைப் பாடல்களுக்குத் தனித் தரவரிசை தொடங்கியபோது முதல் வாரத்தில் முதலிடம் பிடித்ததும் சூசியின் பான்ஷீஸ் குழுவின் பாடல்தான். தாங்கள் முன்பு பதிவு செய்த இசையைப் பின்னோக்கி ஓடவிட்டு அதன் மேல் கட்டிய பாடல் அது.

பங்க்குக்குப் பின் அதிலிருந்து பிரிந்து வளர்ந்த போஸ்ட்-பங்க் பற்றி யாரும் பேசவில்லை. அது இல்லாமல் கோதிக் ராக்கை வரையறுக்க முடியாது. நான் 'பின்பங்க் ராக்' என்பதை முன்மொழிகிறேன். புணர்ச்சி விதிப்படி 'பிற்பங்க்' என்றல்லவா வர வேண்டும் என்று கேட்பீர்கள். பிற்காலச் சோழரும் சோழரே. அதுபோலப் 'பிற்பங்க்' என்றால் பங்க்கின் பிந்தைய கட்டம் என்றே பொருள்படும். இதுவோ பங்க்கிலிருந்து பிரிந்து போன இசை. 'பின்நவீனத்துவம்' வகுத்த வழியே இங்கே சரி. 'ராக்' என்பதையும் விடக் கூடாது. வெறும் 'பங்க்' என்றால் நம் வாசகருக்குப் பெட்ரோல் பங்க்தான் நினைவுக்கு வரும்.

பதிவுக்கு என் வரைவு:

கோதிக் ராக்: 1970களின் இறுதியில் பிரிட்டனில் பின்பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசை வகை. முன்னெழும் பேஸ் கிட்டார், டாம்-டாம் முரசுகளை ஒட்டிய தாளம், எதிரொலியும் ஃப்ளாஞ்சரும் சேர்த்த கிட்டார் ஆகியவை இதன் கூறுகள்.

ஃப்ளாஞ்சரை இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன். 'அலைதாமதி' என்று ஒன்று தோன்றியது. ஆனால் ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கச் செய்யும் டிலே என்னும் கருவிக்கும் அதே பெயர் பொருந்திவிடும் என்பதால் தயங்குகிறேன். ஒலிப்பதிவுக் கூடங்களில் பணிபுரிவோர் குழுவில் இருந்தால், இரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் ஏதேனும் உங்கள் வழக்கில் உண்டா என்று தெரிவியுங்கள்.