அனஸ்தீசியா (மயக்க மருத்துவம்) பி.ஜி. எடுக்கலாமா? வீட்டில் "ஊசி போடுற டாக்டரா" என்கிறார்கள்

குலசேகரத்துக்காரன்:
சீனியர்களே, ஹவுஸ் சர்ஜன்சி முடித்து நீட் பி.ஜி. எழுதிவிட்டேன். என் ரேங்குக்கு ஜெனரல் மெடிசின் கனவுதான், ஆனால் எம்.டி. அனஸ்தீசியா கிடைக்கும்போல் இருக்கிறது. அப்பா ரப்பர் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர். "உறங்க வைக்கதுக்கு மூணு வருசமா மக்கா, வீட்டு முன்னாடி ஒரு போர்டு வைக்க முடியுமா?" என்று கேட்கிறார், பதில் சொல்லத் தெரியவில்லை. போஸ்டிங்கில் தியேட்டரில் நின்ற கொஞ்ச நாளும் சர்ஜன் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கலாமா, அடுத்த வருடம் மறுபடி எழுதலாமா?

செகண்ட் இயர் அக்கா:
தம்பி, உறங்க வைப்பது ஒரு நிமிட வேலை. ப்ரோபோஃபோல் என்ற மயக்க மருந்து போனதும் கண் சொருகிவிடும், அப்புறம் மூச்சு நம் பொறுப்பு. அதற்குத்தான் மூன்று வருடம். எனக்கு முதல் சில மாதம் மாஸ்க் பிடிப்பதே போராட்டம். சுண்டுவிரலைத் தாடை எலும்பில் கொக்கி மாதிரி மாட்டித் தூக்கணும், பல் இல்லாமல் தாடியோடு ஒரு தாத்தா வந்தால் எவ்வளவு அழுத்தினாலும் ஓரத்தில் காற்று ஒழுகும். தொண்டைக்குள் பார்க்கும் லாரிஞ்சோஸ்கோப்பைப் பல்லில் வைத்து நெம்பிய அன்று சீனியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூச்சுக்குழாயில் டியூப் போட்டாலும், வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃபில் கார்பன் டை ஆக்சைடு அலை தொடர்ந்து வரும்வரை நிம்மதி கிடையாது.

ஸ்பைனல், அதாவது முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பது, இன்னொரு கதை. சிசேரியனுக்கு மருந்து போட்ட சில நிமிடத்தில் அந்தப் பெண் "டாக்டர், ஓங்கரிச்சுட்டு வருது" என்றால் வாந்தி மருந்தைத் தேடாதே, பி.பி.யைப் பார், அநேகமாக விழுந்திருக்கும். பி.பி.யை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் சிரிஞ்சில் தயாராக இருக்கணும். டியூட்டி, தீசிஸ், மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் போஸ்டிங் எல்லாம் மற்ற பிராஞ்சுக்கும் உள்ளதுதான்.

பழைய டி.ஏ.:
நான் அந்தக் காலத்து இரண்டு வருட அனஸ்தீசியா டிப்ளமோ (டி.ஏ.). போர்டு கிடையாது, அது உண்மை. போன்தான். ராத்திரி 2 மணிக்குக் கருங்கலில் சிசேரியன், முடித்து வண்டியைத் திருப்பினால் தக்கலையில் ஒரு குடல்வால். காசுக்குக் குறைவில்லை, ஆனால் கேட்டு வாங்கத் தெரியணும், நான் ஒரு இடத்தில் எட்டு மாதம் நடந்திருக்கிறேன்.

பேர் கிடைக்காது என்பதையும் இப்போதே தெரிந்துகொள். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் நெய்யூரில் ஆபரேஷன் செய்தார் என்று நம்ம ஊரில் எல்லாரும் சொல்வார்கள், அவருக்கு மயக்கம் கொடுத்தது யார் என்று கேட்டுப் பார்.

கேள்வி கேட்கிற பொறுமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒரு எஸ்டேட்காரர் வந்தார். "ஏதாவது சாப்பிட்டீங்களா?" ஒண்ணுமில்ல. மறுபடி கேட்டேன், ஒண்ணுமில்ல. "சாயா?" என்றதும், "சாயா குடிச்சேன், அது சாப்பாடு இல்லியே" என்றார். கட்டனா (பால் சேர்க்காததா), பாலா? பால் சாயா, காலை 7 மணிக்கு. கட்டன் என்றால் இரண்டு மணி நேரம் போதும், பால் சேர்ந்தால் ஆறு மணி நேரம். 9 மணி கேஸ் மதியத்துக்குப் போனது. சர்ஜன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

விட்டுட்டுப் போனவன்:
எல்லாரும் எடு எடு என்பதால் சொல்கிறேன். நான் சேர்ந்து முதல் வருடமே விட்டவன், பாதியில் விட்டதற்குப் பாண்டுப் பணம் கட்டியது தனி வேதனை. ஒரே நோயாளியை வருடக்கணக்கில் பார்த்து, குடும்பம் முழுக்கத் தெரிந்து வைத்தியம் செய்ய ஆசை என்றால் இது ஒத்துவராது. ஐ.சி.யூ., வலி சிகிச்சை என்று பின்னால் போகலாம், அங்கே நோயாளியோடு பேச்சு உண்டு. ரேங்குக்காக மட்டும் எடுக்காதே.

செகண்ட் இயர் அக்கா:
இவர் சொல்வதும் சரி. கவுன்சலிங்குக்கு முன் தெரிந்த அனஸ்தீசியா டாக்டர் யாரிடமாவது கேட்டு ஒரு வாரம் தியேட்டரில் நில். இந்தத் தடவை தலைமாட்டில் நில்.

குலசேகரத்துக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. திங்கள் முதல் ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். சாயா கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். போர்டு பேச்சே இல்லை. "அப்போ வெறும் வெள்ளம் குடிக்கலாமா?" என்று கேட்கிறார், அவருக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன்.

பழைய டி.ஏ.:
இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம். ஆனால் அங்கே உள்ள டாக்டர் சொல்வதைத்தான் கேட்கணும். பி.பி. மாத்திரை ஏதாவது போடுகிறாரா?