கொல்லையில் 22க்கு 14 அடி இடம்: பார்க்கவும் நன்றாக, சமையலுக்கும் ஆகிற மாதிரி எப்படி அமைப்பது?

பாகற்பிஞ்சு:
வணக்கம். திருச்சியில் தெற்குப் பார்த்த வீடு, மாடி இல்லை. கொல்லை கிழக்கு மேற்காக 22 அடி, வீட்டுச் சுவரிலிருந்து வடக்குக் காம்பவுண்டு வரை 14 அடி. இரண்டு வருடம் முன்பு நர்சரியில் கண்ணில் பட்டதை எல்லாம் வாங்கி வந்து, பப்பாளி, செம்பருத்தி, நடுவே வெண்டை என்று இடம் பார்க்காமல் நட்டேன். கடைசியில் கிடைத்தது ஒரு கை வெண்டைக்காயும் செடி நிறைய மாவுப்பூச்சியும்தான். எல்லாம் பட்டுப்போய் அங்கே உடைந்த சைக்கிளும் பழைய ஓடும் சேர்ந்தன. போன வாரம்தான் ஒழித்தேன். எனக்குக் காய் வேண்டும். வீட்டுக்காரம்மாவுக்கு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், "மறுபடி காடாக்கினால் நானே வெட்டிப் போடுவேன்" என்று சொல்லியாகிவிட்டது. ஆடி பிறக்க மூன்று வாரம் இருக்கிறது. எங்கே எது வைப்பது? செங்கல் கட்டிப் பாத்தி உயர்த்தலாமா?

மண்வெட்டி:
சார், மார்கழியில் அந்தக் கொல்லையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? உங்களுக்கு வீடு தெற்கே, தோட்டம் வடக்கே. ஆடியில் சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே போகும், இடம் முழுக்க வெயில் கொட்டும், அதைப் பார்த்து ஏமாறுவோம். மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும். கைப்பிடிச் சுவரோடு 13 அடி உயரம் என்று வைத்தால் உச்சிப் பொழுதிலேயே நிழல் ஒன்பது அடிக்கு விழும், அதாவது உங்கள் தோட்டத்தில் பாதிக்கும் மேல். நான் இது தெரியாமல் சுவரோரம் கத்தரி வைத்து, தை வரை இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன்.

அதனால் வடக்குக் காம்பவுண்டு ஓரம் நாலு அடிக்கு, 22 அடி நீளமும் பந்தல். ஆறடி உயரம் இருந்தால் மார்கழியிலும் வீட்டு நிழல் பந்தலின் தலைக்கு எட்டாது. அப்புறம் ஒன்றரை அடி நடைபாதை, மூன்றரை அடி நடுப்பாத்தி, மறுபடி ஒன்றரை அடி பாதை, மிச்சம் மூன்றரை அடி சுவரோரம் கீரைக்கு. நடுப்பாத்தியில் ஆடியில் வெண்டை ஊன்றினால் ஐப்பசியில் ஓய்ந்துவிடும், அதற்கப்புறம் நிழல் வருகிற நேரத்தில் அங்கே கொத்தமல்லி, வெந்தயக்கீரை தூவிவிடலாம். நாலு பேருக்குப் பதினைந்து வெண்டை, ஆறு கத்தரி போதும். பாத்திக்குள் கால் வைக்கவே கூடாது, பாதையில் நின்றே கை எட்டுவதற்குத்தான் அந்த மூன்றரை அடி.

செங்கல் வேண்டாம் என்பேன். நம்மூர்ச் சித்திரை வெயிலில் உயர்த்திக் கட்டிய பாத்தி காலையில் ஊற்றினால் மதியத்துக்குள் காய்ந்து நிற்கும். ஐப்பசி மழைத் தண்ணீர் நிற்காத அளவுக்கு அரை அடி மண்ணை ஏற்றி, மேலே சருகு மூடாக்கு போட்டால் போதும்.

சுண்டவற்றல்:
தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் பாத்தி ஓரத்துக்குக் கரை இல்லை என்றால் நாலு மழையில் மண் பாதைக்கு வந்துவிடும், அப்புறம் அழகு எங்கே? கொல்லையில் கிடந்த அந்தப் பழைய ஓடுகளையே செங்குத்தாகப் புதைத்துவிடுங்கள், காசும் மிச்சம்.

காடு மாதிரி ஆவது பெரும்பாலும் கீரையால்தான். ஒரே நாளில் முழுப் பாத்தியும் விதைத்து, ஒரே வாரத்தில் தின்ன முடியாமல் பூக்க விட்டுவிடுகிறோம். சுவரோரத்தை நாலு துண்டாகப் பிரித்து வாரம் ஒரு துண்டு விதையுங்கள். சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்க வரும், பிடுங்கிய இடத்தில் கொஞ்சம் மக்கிய எரு போட்டு மறுபடி விதை. அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், அதை ஓரத்தில் வையுங்கள். நடுவில் ஒரு வரி சிவப்புத் தண்டுக்கீரை, ஜன்னலிலிருந்து பார்த்தால் அதுவே பூப்போல இருக்கும். பாத்தி முனைகளில் செண்டுமல்லி. வேரில் வருகிற நூற்புழுவைக் குறைக்கவும் நல்லது. செம்பருத்தியை வாசலுக்குக் கொண்டுபோங்கள். அதுவும் வெண்டையும் ஒரே குடும்பம், பூச்சியும் பங்காளி மாதிரி இரண்டுக்கும் வரும்.

பந்தலில் ஒரு பக்கம் பீர்க்கை, ஒரு பக்கம் பாகல், நடுவில் அவரை. அவரை மார்கழிப் பனியில்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும், கார்த்திகையில் "காய்க்கவில்லை" என்று பிடுங்கிவிடாதீர்கள். பீர்க்கை சாயங்காலம்தான் பூக்கும், மஞ்சளாக, விளக்கு வைக்கிற நேரத்துக்கு. வண்டு வரவில்லை என்றால் ஆண் பூவைக் கிள்ளி, அடியில் பிஞ்சோடு இருக்கிற பெண் பூவில் தடவிவிடுங்கள். நான் தினமும் டீ குடித்துவிட்டு அந்த வேலைக்குத்தான் போவேன்.

முள்கத்தரி:
எல்லாம் சரி, ஆடிக் காற்றை யாரும் சொல்லவில்லையே. அம்மியே பறக்கும் என்கிறார்கள், நீங்கள் மூங்கில் நட்டுப் பந்தல் போட்டால்? என் மூங்கில் பந்தல் காயோடு பக்கத்து வீட்டுத் துணிக்கொடி மேல் போய் விழுந்தது. கல்லுக்கால் அல்லது இரும்புக் குழாய், இரண்டடி ஆழம், மேலே கட்டுக்கம்பி. நைலான் வலை மலிவுதான், ஆனால் காய்ந்த கொடியை அதிலிருந்து பிய்த்து எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

பாகற்பிஞ்சு:
மூவருக்கும் நன்றி. பழைய கல்லுக்கால் ஆறு தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். உங்கள் பதில்களை வீட்டில் படித்துக் காட்டினேன். ஓடு யோசனை பிடித்துவிட்டது. செண்டுமல்லி மஞ்சளா ஆரஞ்சா என்று கேட்கிறார்கள். அப்புறம், புதினா எங்கே?

சுண்டவற்றல்:
இரண்டும் கலந்து போடச் சொல்லுங்கள். புதினாவை மட்டும் பாத்தியில் விடாதீர்கள், ஊர்ந்து எல்லா இடத்தையும் பிடித்துவிடும். ஓட்டை வாளியில் நட்டு, பாத்திரம் கழுவுகிற குழாய்க்குப் பக்கத்தில் வையுங்கள், சோப்புத் தண்ணீர் மட்டும் தெறிக்காமல்.