குறட்டையை நல்ல தூக்கம் என்று நம்பியிருந்த ஆண்டுகள்

காரிமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியர்:

அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன், வயது 53. தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய், அதாவது ஸ்லீப் ஆப்னியா, எனக்கு இருப்பதாக உறுதியாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. இந்தப் பெயரை இப்போதுதான் கேட்டுத் திகைத்து நிற்பவர்களுக்காக, எனக்கு நேர்ந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் குறட்டை விடுபவரைப் பார்த்து, "பாவம், உழைத்த களைப்பு, அசந்து தூங்குகிறார்" என்பார்கள். நானும் அப்படியே நம்பினேன். எட்டு மணி நேரம் படுத்தெழுந்தும் காலையில் தலை பாரமாக இருந்தது. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தேன். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் கரும்பலகையின் முன் நின்றபடியே கண் செருகியது. எல்லாவற்றையும் வயதின் கணக்கில் சேர்த்துவிட்டேன். சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் மட்டும், இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டும், 150க்குக் கீழே இறங்க மறுத்தது. களைப்பு என்று சொன்னதற்கு ஒரு மருத்துவமனையில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட நாள்களில் காலைத் தலைவலி கூடியது. தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தக்கூடிய மாத்திரை இந்நோயை மோசமாக்கலாம் என்பது பின்னர்தான் தெரிந்தது. குறட்டை உண்டா என்று அங்கே ஒருவராவது கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

மகளைச் சேலத்தில் கல்லூரி விடுதியில் விடுவதற்காக ஒரு ஞாயிறு மாலை காரில் சென்றோம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கண் மூடியதே எனக்குத் தெரியாது. "அப்பா" என்ற அலறலில் விழித்தபோது, முன்னால் சென்ற லாரியின் பின்பலகை எழுத்துகள் கண்ணாடி முழுவதையும் நிறைத்திருந்தன. பிரேக்கை மிதித்தேன், பிழைத்தோம். அந்தச் சாலையில் எத்தனை குடும்பங்கள் அவ்வாறு பிழைக்கவில்லை என்பது இந்த மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்றிரவுதான் என் மனைவி, மூன்று ஆண்டுகளாகச் சொல்லத் தயங்கியதைச் சொன்னார். குறட்டை திடீரென்று நின்றுவிடுமாம். மார்பும் வயிறும் மட்டும் ஏறி இறங்க, மூக்கில் காற்றே இருக்காதாம். அவர் மனத்துக்குள் எண்ணத் தொடங்குவாராம். இருபது, முப்பது என்று போய் நாற்பதை நெருங்கும்போது தோளைப் பிடித்து உலுக்குவாராம். நான் பெரிய சீறலோடு மூச்சை இழுத்துப் புரண்டு படுப்பேனாம். அப்படி அவர் எண்ணிக்கொண்டு கிடந்த இரவுகளுக்கு மறுநாள் காலையில், நன்றாகத் தூங்கியதாக நான் சொல்லியிருக்கிறேன். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கலங்குகிறது.

சேலத்தில் நுரையீரல் மருத்துவர் ஒருவர், வீட்டிலேயே ஓர் இரவு செய்துகொள்ளும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்: மார்பில் ஒரு பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வி. மூச்சு 10 வினாடிகளாவது நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ ஒரு தடையாகக் கொண்டு, மணிக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். 5க்குக் கீழே இயல்பு. 15 வரை லேசானது. 30ஐ எட்டினால் கடுமையானது. எனக்கு 38. ஆக்சிஜன் 76 விழுக்காடு வரை இறங்கியிருந்தது. தூக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிட, மூளை நமக்கே தெரியாத அளவுக்கு ஒரு கணம் விழித்துக் காற்றை மீட்கிறது என்றும், ஒவ்வொரு முறையும் இதயம் துடித்தெழுந்து அழுத்தம் ஏறுகிறது என்றும் விளக்கினார். இரவுச் சிறுநீருக்கும் இதில் பங்கு உண்டாம்: அடைபட்ட மூச்சை இழுக்கும் வேகத்தில் இதயத்தின் மேலறைகள் விரிந்து, நீரை வெளியேற்றத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கின்றனவாம்.

முகமூடி வழியே அழுத்தமான காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையை அடைபடாமல் வைக்கும் சிபாப் என்ற கருவியை மருத்துவர் பரிந்துரைத்தார். வாழ்நாள் முழுவதும் முகத்தில் குழாயோடுதான் படுக்க வேண்டுமா என்று கேட்டபோது என் குரல் உடைந்துவிட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் இந்தக் காற்றழுத்த முறையை வெளியிடுவதற்கு முன்பு, கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிடுவதே முக்கிய வழியாக இருந்தது என்று அவர் சொன்னார். அந்தச் செய்திதான் எனக்குச் சிபாப் கருவியை வேறு கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொடுத்தது.

முதல் வாரம் கடினமாகவே இருந்தது. காற்றுக் கசிந்து கண்ணில் அடித்ததால் பட்டைகளை மேலும் மேலும் இறுக்கினேன். மூக்குத் தண்டில் புண் வந்ததுதான் மிச்சம். உட்கார்ந்தபடி பொருத்தாமல், படுத்த நிலையில் காற்று ஓடும்போதே பட்டைகளைச் சரிசெய்ய வேண்டும் என்று பிறகு சொல்லிக் கொடுத்தார்கள். மாலையில் அரை மணி நேரம் முகமூடியை அணிந்துகொண்டு நாளிதழ் படித்துப் பழகினேன். மார்கழிக் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்து மூக்கில் தெறித்தது. குழாயின் மேல் பழைய துண்டு ஒன்றைச் சுற்றிய பின் நின்றது. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. இப்போது கருவியின் திரையில் மணிக்கு 3 என்று காட்டுகிறது. இரத்த அழுத்தம் 130க்கு வந்துவிட்டது. என் மனைவி எனக்கு முன்பே தூங்கிவிடுகிறார்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் இல்லத்தரசி:

ஐயா எழுதியதைப் படித்தபின் பெண்கள் சார்பாகவும் சிலவற்றைச் சொல்லத் தோன்றியது. எனக்கு வயது 51, எடை 49 கிலோ. இது பருமனான ஆண்களுக்கு வரும் நோய் என்று எல்லோரும் நினைத்ததால், என் சோர்வையும் எரிச்சலையும் மாதவிடாய் நின்றதன் விளைவு என்றும், மனக்கவலை என்றும் சொல்லி அனுப்பினார்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும், என்னைப் போல் கீழ்த்தாடை சிறிதாகப் பின்வாங்கி இருப்பவர்களுக்கு மெலிந்த உடலிலும் வரலாம் என்பதையும் பல் மருத்துவர் ஒருவர்தான் கவனித்துச் சொன்னார். எனக்கு மணிக்கு 17. தாடையை முன்னே நிறுத்தும் பல்தட்டு ஒன்றைச் செய்து கொடுத்தார். காலையில் சிறிது நேரம் தாடை வலிக்கிறது, ஆனால் பகல் முழுவதும் விழித்திருக்கிறேன்.

நல்லம்பள்ளியிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தாங்கள் சொன்ன அறிகுறிகள் அனைத்தும் எனக்கும் உள்ளன. பரிசோதனையில் நோய் என்று வந்துவிட்டால் முதலாளி வண்டியைத் தர மாட்டாரோ என்ற பயத்தில் ஓராண்டாகத் தள்ளிப் போட்டு வருகிறேன்.

காரிமங்கலம் ஆசிரியரின் பதில்:

தம்பி, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பிழைப்பைப் பற்றிய பயத்தைச் சிறிதென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலையைப் பறிக்கக்கூடியது அந்த அறிக்கை அன்று, கணவாயில் மூடும் கண். ஒழுங்காகச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் பகல் தூக்கம் பெரும்பாலும் விலகிவிடுகிறது. லாரியின் 24 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் இணைப்புகள் சில கருவிகளுக்குக் கிடைக்கின்றன. வண்டியிலேயே படுப்பவர்களுக்கு அது உதவும். அதுவரை தயவுசெய்து இரவு ஓட்டத்தைத் தவிருங்கள். உடன் வரும் கிளீனரிடம், நீங்கள் தூங்கும்போது கைப்பேசியில் சில நிமிடங்கள் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பயன்படும். வரும் சனிக்கிழமை மறுபரிசோதனைக்காகப் பேருந்தில் சேலம் செல்கிறேன். காலை ஏழு மணிக்குத் தருமபுரிப் பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டால், இருவரும் ஒன்றாகவே போய் வரலாம்.