ஏரியோல்: முட்கண்ணா, பஞ்சுக்கண்ணா, கள்ளிக்கண்ணா?

உப்புவெளியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

கள்ளி வளர்ப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுத உட்காரும் எவரையும் முதற் பக்கத்திலேயே தடக்குவது ஏரியோல் என்ற சொல். கள்ளியின் உடலில் முட்கள் கொத்தாகக் கிளம்பும் இடத்தில் பஞ்சு படர்ந்த சிறு திட்டு ஒன்று இருக்குமே, அதுதான். முள் அதிலிருந்துதான் வரும். பூவும் குட்டியும் அதிலிருந்துதான். கள்ளிக் குடும்பத்தின் அடையாளமே அது. அத்தகைய உறுப்பை 'முள்ளடி', 'முள் இருக்கிற இடம்', 'அந்தப் பஞ்சுப் புள்ளி' என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மூலச் சொல் இலத்தீன். சிறு பரப்பு என்று பொருள். அதை அப்படியே பெயர்த்துச் 'சிறுபரப்பு' என்று வைத்தால் செடியைப் பற்றி ஒன்றும் விளங்காது. தோற்றத்தைப் பிடித்து 'முள்மெத்தை' எனலாம். ஆனால் மெத்தை வெறும் தாங்கி. உயிருள்ள ஓர் அரும்பு அங்கே உறங்குகிறது என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

நான் முன்வைக்கும் சொல் முட்கண். கரும்புக்கும் உருளைக்கிழங்குக்கும் கண் என்கிறோம். முளை வரும் இடம் என்று தோட்டக்காரர் எவருக்கும் தெரியும். ஏரியோலும் அத்தகையதே. நாகதாளியின் இளம் மடலைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு திட்டின் அடியிலும் கூம்பு போன்ற சிற்றிலை ஒன்று நிற்கும்; சில கிழமைகளில் உதிர்ந்துவிடும். இலையின் கக்கத்தில் இருப்பது கக்க அரும்பு. ஆகவே ஏரியோல் என்பது ஒடுங்கிக் குறுகிய ஒரு கிளை. முட்கள் அக்கிளையின் உருமாறிய இலைகள். தூண்போல் வளரும் கள்ளியின் தலையை வெட்டினால், வெட்டுவாயை அண்டிய திட்டுகளில் ஒன்றிரண்டு சில கிழமைகளில் கிளைவிடுவதும் இதனால்தான்.

மூதூரிலிருந்து:

தங்கச்சி, கண் என்ற பாதி மிகப் பொருத்தம். முள் என்ற பாதிதான் இடிக்கிறது.

அஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ் செடியை எடுங்கள். தட்டையான பச்சைக் கோளத்தில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். முள் ஒன்றுகூட இராது. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளரும் ஒரே கள்ளியினம் ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா. அது இலங்கைக் காடுகளில் மரங்களைப் பற்றிக்கொண்டு நூல்நூலாய்த் தொங்குகிறது. முதிர்ந்த கொடியில் முள்ளைத் தேடவேண்டும். நம் நாட்டுக்கு உரிய ஒரே கள்ளிக்குப் பொருந்தாத சொல்லை நாம் ஏன் ஆக்கவேண்டும்?

இரண்டாவது, எழுத்து. 'முட்கண்களை அகற்றவும்', 'முட்களை அகற்றவும்' என்ற இரண்டும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். செய்கையோ வேறு வேறு. ஒருவர் ஒன்றை மற்றொன்றாக வாசித்தால் செடி கெட்டுப்போகும்.

மூன்றாவது, சதுரக்கள்ளி. பெயரில் கள்ளி என்றிருந்தாலும் அது ஆமணக்குக் குடும்பம். அதன் முட்கள் இரண்டிரண்டாக, பஞ்சில்லாத கடினமான சிறு தட்டில் நிற்கும். கீறினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. முட்கண் என்ற சொல்லைப் படித்தவர் அந்தத் தட்டையும் முட்கண் என்றே எண்ணுவார்.

என் மாற்றுச்சொல் பஞ்சுக்கண். முள் இல்லாதவற்றிலும் இளங்கண்ணில் பஞ்சு உண்டு, சதுரக்கள்ளியில் இல்லை.

தம்பலகாமத்திலிருந்து:

ஐயா, பஞ்சுக்கண் என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம். காரணம் மாவுப்பூச்சி.

கள்ளிக்கு நம் பக்கத்தில் வரும் தொல்லைகளில் அதுவே முதலாவது. வெள்ளைப் பஞ்சாகத்தான் தெரியும். ஒளிந்துகொள்வதும் ஏரியோலின் பஞ்சுக்குள்தான். பராமரிப்புக் குறிப்பில் 'பஞ்சுக்கண்ணில் பஞ்சு கண்டால்' என்று எழுதினால் புதியவர் இயற்கையான பஞ்சைச் சுரண்டி எடுத்துவிடுவார். பிரித்தறிய ஒரு வழி உண்டு. இயற்கைப் பஞ்சு எல்லாத் திட்டிலும் ஒரே அளவாக, உச்சியில் அடர்ந்தும் கீழே தேய்ந்தும் இருக்கும். பூச்சிப் பஞ்சு இங்கொன்றும் அங்கொன்றுமாய், ஈர்க்கால் தொட்டால் இழைந்து வரும். உள்ளே இளஞ்சிவப்பாக நசியும். 70% சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்த காது துடைக்கும் குச்சியால் திட்டுத் திட்டாகத் துடைத்து, காயும்வரை நிழலில் வைக்கவேண்டும். ஒருமுறை செய்தால் முட்டை தப்பிவிடும். ஏழு நாள் இடைவெளியில் மூன்று தடவையாவது செய்யவேண்டும். பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் சட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வேரிலும் அதே வெள்ளை இருக்கக்கூடும்.

எறும்பு ஏறுகிறதென்றாலே மாவுப்பூச்சி என்று முடிவுகட்டவும் கூடாது. ஃபெரோகாக்டஸ் போன்றவற்றில் ஏரியோலிலேயே தேன்சுரப்பி உண்டு. அங்கே எறும்பு மொய்க்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அந்தத் தேனில் கரும்பூஞ்சணம் படியும். தண்ணீர் பீச்சிக் கழுவினால் போதும், மருந்து தேவையில்லை.

இனி, சொல்லாக்கத்தில் நாம் தொடாத ஒன்று மாமில்லாரியா. பெரும்பாலான கள்ளிகளில் முள்ளும் பூவும் ஒரே திட்டிலிருந்து வரும். மாமில்லாரியாவில் திட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது. முட்பகுதி, உடலில் புடைத்து நிற்கும் குமிழின் நுனியில். பூப்பகுதி குமிழ்களுக்கு நடுவிலுள்ள கக்கத்தில். அதனால்தான் அதன் பூக்கள் உச்சியைச் சுற்றி மாலைபோல் வட்டமாக வருகின்றன. கொரிஃபாந்தாவில் நுனிக்கும் கக்கத்துக்கும் இடையே ஒரு வாய்க்கால் ஓடும். பிரிவு எப்படி நடந்தது என்பதை அந்த வாய்க்கால் காட்டித் தருகிறது. இந்த இரு பகுதிகளுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். முட்கண் என்பதைப் பொதுப்பெயராக்கிச் செலவழித்துவிட்டால், குமிழ் நுனிக்கு என்ன பெயர் வைப்பது?

ஒட்டுவதிலும் இதே சிக்கல். கடைகளில் சிவப்புப் பந்தும் மஞ்சட் பந்துமாய் விற்கும் ஜிம்னோகலிசியத்துக்குப் பச்சையம் இல்லை. தானாக உணவு ஆக்காது. டிராகன் பழத் தண்டில் ஒட்டித்தான் வாழவைக்க முடியும். தண்டை 10 சென்ரிமீற்றர் உயரத்தில் மட்டமாக வெட்டி, மூன்று விளிம்புகளையும் சரிவாகச் சீவவேண்டும். சீவாமல் விட்டால் சதை காய்ந்து அமிழும்போது தோல் நிமிர்ந்து பந்தை மேலே தள்ளிவிடும். பிறகு வெட்டிய முகத்தில் ஒரு மெல்லிய வில்லை சீவிவிட்டு உடனே பந்தை வைக்கவேண்டும். இரண்டின் நடுவிலும் வட்டமாகத் தெரியும் குழாய்த்தொகுதி (நீரையும் உணவையும் கடத்தும் பகுதி) ஓரிடத்திலாவது ஒன்றையொன்று வெட்டிப் போகவேண்டும். ஒட்டுக்கட்டை (கீழே நிற்கும் தண்டு) பெரிது, ஒட்டுமுளை (மேலே வைக்கும் பந்து) சிறிது என்றால் நடுவில் வைக்காமல் ஓரத்துக்கு நகர்த்துங்கள். வட்டங்கள் அங்கேதான் சந்திக்கும். இறப்பர் வளையத்தால் மேலிருந்து கீழாகக் கட்டி 7 முதல் 10 நாள் நிழலில் வையுங்கள். வெட்டுவாயில் தண்ணீர் படக்கூடாது.

ஒட்டு பிடித்தபின் செய்யும் பிழைதான் பெரிது. ஒட்டுக்கட்டையின் ஏரியோல் கிளைவிட்டு உணவை இழுத்துக்கொள்ளும். மேலே பந்து சுருங்கும். பலர் முள்ளை மட்டும் பிடுங்குகிறார்கள். முள் போனாலும் அரும்பு உள்ளே இருக்கிறது, மறுபடி முளைக்கும். கூரிய கத்தி நுனியால் 2 முதல் 3 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் திட்டையே தோண்டி எடுக்கவேண்டும். ஐயா சொன்ன எழுத்து மயக்கம் உண்மையிலேயே கேடு செய்யும் இடம் இது.

உப்புவெளியிலிருந்து:

ஐயாவின் மூன்று மறுப்பில் எழுத்து மயக்கத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. முட்கண்ணைப் பொதுப்பெயராக வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுகிறேன். தம்பலகாமத்து அண்ணா காட்டிய மாமில்லாரியாவே வழியையும் காட்டுகிறது. திருத்திய முன்மொழிவு:

கள்ளிக்கண்: ஏரியோலுக்குப் பொதுப்பெயர். முள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுவே.

முட்கண், பூக்கண்: மாமில்லாரியா, கொரிஃபாந்தா போன்றவற்றில் கள்ளிக்கண் பிரிந்து நிற்கும் இரு பகுதிகள். இங்கே மட்டும் ஆளவேண்டும்.

'கள்ளி என்றால் சதுரக்கள்ளியும் சேருமே' என்ற கேள்வி எழும். தமிழில் அந்தப் பெயர் முதலில் பால் வடியும் செடிகளுக்குத்தான் இருந்தது. அமெரிக்கச் செடிகள் கடல்கடந்து வந்து பின்னால் அதில் ஏறிக்கொண்டன. காக்டஸ் என்ற சொல்லும் அப்படியே. கிரேக்கத்தில் அது வேறொரு முட்செடியின் பெயர். லின்னேயஸ் 1753இல் அதை இந்தச் செடிகளின் பேரினப் பெயராக்கினார். நாம் செய்யக்கூடியது, பால் வடிபவற்றைப் பாற்கள்ளி என்று ஒழுங்காக எழுதிவருவது. அதன் முள் நிற்கும் தட்டுக்கு முள்தட்டு என்று தனிச்சொல் வைத்தால் மயக்கம் இன்னும் குறையும்.

பூ வரும் இடத்தைச் சொல்லவும் கள்ளிக்கண் நன்றாக உதவுகிறது: 'பெரும்பாலான கள்ளிகளில் ஒரு கள்ளிக்கண் ஒருமுறையே பூக்கும். மிர்ட்டிலோகாக்டஸில் ஒரே கண்ணிலிருந்து பல பூக்கள் வரும்.' இதைச் 'சிறுபரப்பு' என்று போட்டு வாசித்துப் பாருங்கள்.

மூதூரிலிருந்து:

கள்ளிக்கண் எனக்குச் சம்மதம். பஞ்சுக்கண்ணை மீளப் பெறுகிறேன். முள்தட்டும் நல்ல சொல். பாற்கள்ளி என்று எல்லோரும் எழுதுவார்கள் என்பதில்தான் எனக்கு உங்களளவு நம்பிக்கை இல்லை. ஆகவே கள்ளிக்கண்ணுக்கான விளக்கத்தின் முதல் வரியிலேயே 'பால் வடியாத கள்ளிகளில்' என்று சேர்த்துவிடுங்கள்.

இதோடு குளோக்கிட் என்பதையும் முடித்துவிடலாம். நாகதாளியின் கள்ளிக்கண்ணில் நீண்ட முட்களின் காலடியில் மயிர்போல் செறிந்திருக்கும் நுண்முட்கள் அவை. மூங்கிலிலும் பூனைக்காலிக் காயிலும் இருப்பதைச் சுணை என்கிறோம். இதைச் சுணைமுள் எனலாம். சுணை என்று மட்டும் சொன்னால் போதாது. இவற்றுக்குப் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு, தொட்டவுடன் கழன்று தோலில் ஏறும். தேய்த்தால் உடைந்து உள்ளே நின்றுவிடும். முதலில் இடுக்கியால் கொத்துக் கொத்தாக எடுத்து, மிச்சத்துக்கு வெள்ளைப் பசையை மெல்லிய துணியோடு பூசி, நன்றாகக் காயவிட்டு உரித்தெடுக்கவேண்டும்.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க, மாரிகாலக் குறிப்பு ஒன்றை அவற்றாலேயே எழுதிப் பார்த்தேன்:

'திருகோணமலையில் ஐப்பசி முதல் தை வரை கள்ளிச் சட்டிகளை ஒளி புகும் பிளாஸ்ரிக் கூரையின் கீழ் வைக்கவும். நாற்புறமும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். மூடி அடைத்தால் கள்ளிக்கண்ணின் பஞ்சில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கறுத்த கள்ளிக்கண்ணை விரலால் அழுத்தவும். கெட்டியாக இருந்தால் பழைய கறை, விட்டுவிடலாம். அமிழ்ந்தால் அழுகல், நல்ல சதை தெரியும்வரை வெட்டி, கந்தகத்தூள் தடவி, காயும்வரை தண்ணீர் விடாதீர்கள். மாமில்லாரியாவில் முட்கண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், குமிழ்களுக்கிடையே பூக்கண்ணையும் ஈர்க்கால் விலக்கிப் பார்க்கவும். சட்டிக்குக் கடற்கரை மணலை எடுக்கவேண்டாம், உப்பு வேரைக் கருக்கும். பருத்த ஆற்று மணல் இரண்டு பங்கு, 5 மில்லிமீற்றர் செங்கற் சல்லி ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு போதும்.'

எந்த வரியிலாவது தடக்கினால் அந்த வரியைக் குறித்து எழுதுங்கள். அடுத்து குமிழுக்கும், கள்ளியின் உடலில் மேலிருந்து கீழாகப் புடைத்து ஓடும் விலாவுக்கும் வருவோம். விலா என்பது நெஞ்செலும்பை நினைப்பூட்டுகிறது. முகடு எனலாமா என்று யோசித்து வையுங்கள்.